தோவில் தொடங்கிய ஜெபம்

சந்தோஷபுரத்தில் அசனப் பண்டிகைச் சோற்றைச் சூடாகச் சாப்பிட்டவர் யாரும் கிடையாது. அதற்கு ஒரே காரணம் வேதமாணிக்கம் உபதேசியார்.

அசனம் என்றால் ஊர் முழுவதும் கோயில் வளாகத்தில் ஒரே பந்தியாக உட்கார்ந்து சாப்பிடும் நாள். இலையில் சோறு விழும், கறிக்குழம்பு விழும். யாரும் கை வைக்கக் கூடாது. குருவானவருக்கு அடுத்தபடியாகச் சபையைக் கவனிக்கும் உபதேசியார் முதலில் ஜெபிக்க வேண்டும். அது அவருடைய உரிமை.

அவர் மைக்கைப் பாதி வாய்க்குள் போட்டுக்கொள்வார். கண்ணை மூடி முகத்தை வானத்துக்குத் தூக்குவார். "சர்வ வல்லமையும் மகத்துவமும் நிறைந்த எங்கள் பரலோகப் பிதாவே" என்று ஏறினாரானால், உலகம் உண்டானதில் தொடங்கி மழை, கடல், மத்திய அரசு, மாநில அரசு, மின்சார வாரியம் என்று ஒவ்வொருவருக்கும் ஆசீர்வாதம் வாங்கிக் கொடுத்துவிட்டுத்தான் இறங்குவார். சமையல்கார இஸ்ரவேல் அண்டாவுக்குப் பின்னால் நின்று, குழம்பில் கொழுப்பு உறைகிறதே என்று கரண்டியிடம் முறையிடுவார்.

உபதேசியாருக்கு இன்னொரு பழக்கமும் உண்டு. எதிரே வருகிறவர்கள் கும்பிட்டு "தோத்திரம் ஐயா" என்பார்கள். அவர் நின்றுவிடுவார். தோத்திரம் இல்லை, ஸ்தோத்திரம். ஸ் எங்கே போயிற்று என்று கேட்பார். பல் இல்லாத அன்னபாக்கியத்தையும் விட்டதில்லை. அந்தக் கிழவி ஸ் சொல்லப் போய் வெற்றிலைச் சாற்றை அவர் வெள்ளைச் சட்டையில் தெளித்த பிறகும் விடவில்லை.

ஒரு காலையில் பல் விளக்கிக்கொண்டிருந்தவர் வாயிலிருந்து பிரஷ் நழுவிக் கீழே விழுந்தது. பின்னாலேயே அவரும் விழுந்தார்.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியபோது நடக்க முடிந்தது. இடது கையில் ஊன்றுகோல். வலது கை தோளில் தொங்கிக்கொண்டு சும்மா கூட வந்தது. வாயின் வலது ஓரம் கீழே இறங்கியிருந்தது. நாக்கு நனைந்த துணி மாதிரி கிடந்தது. சொல்ல நினைத்ததெல்லாம் உள்ளே வரிசையாக நின்றது. வாசலைத் திறக்க ஆள் இல்லை.

பேச்சுப் பயிற்சி தெரிந்த ஒருவரிடம் தினமும் போங்கள் என்று டாக்டர் சொல்லியனுப்பினார். ஊரில் அப்படி ஒருவர்தான் இருந்தார். பியூலா டீச்சர்.

பியூலாவுக்கு முப்பது வயதுக்கு மேல் ஆகவில்லை. டவுனில் காது கேளாத பிள்ளைகளுக்குப் பேசச் சொல்லிக்கொடுக்கிறவள். சின்ன வயதில் வந்த காய்ச்சலில் அவளுக்கே காது போய்விட்டது. எதிரே இருப்பவர் உதட்டைப் பார்த்துத்தான் பேச்சைப் புரிந்துகொள்வாள். ஞாயிறு தவறாமல் கோயிலில் முன்பெஞ்சில் உட்காருவாள். அவளுடைய பக்தியை உபதேசியார் பிரசங்கத்திலேயே மெச்சியிருக்கிறார்.

கேட்காதவளிடம் பேசாதவர் படிக்கப் போகிறார் என்று ஊர் சிரித்தது. அவர் மனைவி ஞானப்பூ அதற்கெல்லாம் அசரவில்லை. கல்யாணமான நாளிலிருந்து இப்போதுதான் ஒரு வாக்கியத்தை முழுசாகச் சொல்லி முடிக்கிறேன் என்று பக்கத்து வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

முதல் நாள் சாயங்காலம் உபதேசியார் ஒரு சிலேட்டோடு போனார். இடது கையால் கோணல் மாணலாக எழுதிக் காட்டினார்: கர்த்தர் ஏன் என் வாயைக் கட்டினார்?

பியூலா படித்தாள். ஈரத்துணியை எடுத்துச் சிலேட்டைச் சுத்தமாகத் துடைத்தாள். அது இருந்த இடத்தில் ஒரு கண்ணாடியை நிறுத்தினாள். பக்கத்தில் மெழுகுவர்த்தி ஏற்றினாள்.

"அப்பான்னு சொல்லுங்க."

அவளுடைய குரல் ஏற்ற இறக்கம் இல்லாமல் பலகை மாதிரி இருக்கும். ஆனால் ஒவ்வொரு எழுத்தும் கழுவிக் கவிழ்த்த பாத்திரம்.

அவர் சிலேட்டை இழுத்து எழுதினார்: பிதாவே.

"அது வரும்போது வரட்டும். உங்க மகன் உங்களைப் பிதாவேன்னா கூப்பிடுதான்?"

அவர் யோசித்தார். துபாயிலிருந்து ஃபோன் பண்ணும் மகன் அப்படிக் கூப்பிட்டால் பணம் கேட்கிறான் என்று அர்த்தம்.

ப் சரியாக வந்தால் தீ அணைய வேண்டும் என்றாள் பியூலா. அவர் உதட்டைச் சேர்த்து முயன்றார். காற்று வலது ஓரமாக நழுவிப் போயிற்று. எச்சில் வழிந்தது. தீ நிமிர்ந்து நின்று அவரைப் பார்த்தது. கண்ணாடியில் ஒரு கோண வாய்க்காரர் தெரிந்தார். அவருக்குக் கண்ணாடியை உடைத்துவிடலாம் போலிருந்தது.

மறுநாளும் போனார். அதற்கு மறுநாளும். மழை பெய்த அன்று குடையும் ஊன்றுகோலும் ஒரே கையில் அடங்காமல் நனைந்துகொண்டு போனார். தீ கொஞ்சம் தலை சாய்த்தது. பிறகு நன்றாகச் சாய்ந்தது. ஒருநாள் 'ப்' என்று அணைந்தே போயிற்று. அன்று ஞானப்பூவின் தீப்பெட்டி காலியாகும்வரை வீட்டில் மெழுகுவர்த்தியை ஏற்றச் சொல்லி, அப்பா அப்பா என்று அணைத்துக்கொண்டே இருந்தார்.

அடுத்தது, ஸ்தோத்திரம் வேண்டும் என்று எழுதிக் கேட்டார். அசனம் நெருங்கிக்கொண்டிருந்தது. அந்தப் பெரிய ஜெபம் திரும்பி வந்தாக வேண்டும். வராவிட்டால் உரிமை போய்விடும்.

ஸ் சொல்லச் சொன்னாள். சைக்கிள் ட்யூபிலிருந்து காற்றுப் போகிற சத்தம் வந்தது.

"ஸ் போகட்டும். தோ போதும்."

உபதேசியாருக்கு முகம் சிவந்துவிட்டது. ஊர் முழுவதும் விரட்டி விரட்டித் திருத்திய எழுத்து. அதையா விட்டுவிடச் சொல்கிறாள்? சிலேட்டில் ஸ் என்று மிகப் பெரிதாக எழுதினார்.

பியூலா துடைத்தாள். "தோ."

வீட்டில் பின்வாசலில் நின்று அவர் பழகினார். தோ. தோ. தோ.

பக்கத்து வீட்டு ஒற்றைக் காது நாய் சீசர் வேலியைத் தாண்டி வாலை ஆட்டிக்கொண்டு வந்து நின்றது. அவர் ஊன்றுகோலை ஓங்கி, இன்னும் உரக்கச் சொல்லிப் பார்த்தார். தெருக்கோடியிலிருந்து இன்னும் சில நாய்கள் ஓடி வந்தன. எல்லாம் வட்டமாக உட்கார்ந்து, அடுத்தது என்ன என்று அவர் வாயையே பார்த்தன.

ஞானப்பூ சமையலறை ஜன்னலிலிருந்து எட்டிப் பார்த்தாள். "பிரசங்கம் ஆரம்பிக்கலாம்லா. சபை கூடியாச்சு."

மறுநாள் அவர் பயிற்சிக்குப் போகவில்லை. போர்வையை இழுத்து மூடிக்கொண்டு படுத்துவிட்டார். சாயங்காலம் பியூலா கண்ணாடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தானே வந்துவிட்டாள். அவர் எழுந்திருக்காமல் சிலேட்டை மட்டும் நீட்டினார்: நாய்தான் வருகிறது.

அவள் சிரித்தாள். அவளுடைய சிரிப்பு பேச்சை விட உரக்கக் கேட்கும்.

"காது போன பிறகு எங்கம்மா எனக்கு முதல்ல சொல்லிக்கொடுத்தது அம்மா. கோடை லீவு பூராவும் அதே ஒரு வார்த்தை. எனக்கு என் சத்தமே தெரியாது. ஒருநாள் தொழுவத்துப் பக்கம் நின்னு சொல்லிப் பார்த்தேன். பக்கத்து வீட்டுக் கன்னுக்குட்டி கயித்த அத்துக்கிட்டு எங்கிட்ட ஓடி வந்துட்டு."

உபதேசியார் போர்வையை விலக்கினார்.

"எங்கம்மாவுக்கு ஒரே கோபம். தனக்கு முன்னாடி அது எப்படி வரலாம்னு. எனக்கு ஒரே சந்தோஷம். அது வந்துச்சுன்னா, நான் சரியாச் சொல்லியிருக்கேன்லா?"

அவர் எழுந்து உட்கார்ந்து கண்ணாடியை வாங்கிக்கொண்டார். அன்றிலிருந்து சீசரும் அவரோடு தினமும் பயிற்சிக்கு வந்தது.

அசனத்துக்கு முந்தின வாரம் குருவானவரும் கமிட்டிக்காரர்களும் உபதேசியார் வீட்டுக்கு வந்தார்கள். நல்ல மனதோடுதான் வந்தார்கள். போன வருஷத்து ஜெபம் ஃபோனில் பதிவாகியிருக்கிறதாம். அதையே ஸ்பீக்கரில் போட்டுவிடலாம், ஐயா கண்ணை மூடிக்கொண்டு முன்னால் நின்றால் போதும், கஷ்டம் வேண்டாம் என்றார்கள். போட்டும் காட்டினார்கள். சர்வ வல்லமையும் மகத்துவமும். அந்தக் கம்பீரத்தைக் கேட்டு உபதேசியாரின் கண் நிறைந்துவிட்டது. பதிவைத் தன் ஃபோனுக்கு வாங்கிக்கொண்டார்.

சாயங்காலம் ஃபோனைப் பியூலாவின் மேஜையில் வைத்தார். பக்கத்தில் சிலேட்டை வைத்தார்: இதுவா, என் வாயா?

எந்த இடத்தை அழுத்த வேண்டும் என்று மட்டும் அவள் கேட்டாள். ஃபோனை எடுத்துப் போய், தரையில் தூங்கிக்கொண்டிருந்த சீசரின் தலைமாட்டில் வைத்தாள். அழுத்தினாள். சத்தம் வருகிறதா என்று ஃபோன்மேல் உள்ளங்கையை வைத்து அதிர்வைப் பார்த்துக்கொண்டாள்.

பரலோகப் பிதா வந்தார். மழை வந்தது. கடல் வந்தது. மத்திய அரசு வந்தது. சீசர் ஒற்றைக் காதை ஒருமுறை ஆட்டி ஈயை விரட்டிவிட்டு மறுபக்கம் புரண்டு படுத்தது.

பியூலா நிறுத்தினாள். உபதேசியாரைப் பார்த்தாள்.

அவர் நாயின் பக்கம் குனிந்தார். பிறகு தாழ்ந்த குரலில், "தோ" என்றார்.

சீசர் எழுந்து வந்து அவர் காலடியில் உட்கார்ந்தது.

"கண்ணாடியைப் பாருங்க," என்றாள் பியூலா. "இன்னும் திரம் இருக்கு."

அசனத்தன்று வளாகம் நிறைந்துவிட்டது. இலைகளில் சோறு விழுந்தது, குழம்பு விழுந்தது. குருவானவர் மைக்கை நீட்டினார். உபதேசியாருக்கு இருந்த ஒரு கையில் ஊன்றுகோல் இருந்தது. ஸ்டாண்டில் மாட்டினார்கள். அதன் கழுத்து மரை கழன்று, மைக் தலையைக் குனிந்து தரையைப் பார்த்தது. வேண்டாம் என்று தலையாட்டினார்.

ஊர் கண்களை மூடிக்கொண்டது. பழக்கப்பட்டவர்கள் முதுகைச் சுவரில் சாய்த்துக்கொண்டார்கள்.

அவருக்குக் கண்ணை மூடப் பயமாக இருந்தது. கண்ணாடி இல்லாமல் ஒரு ஜெபத்தை முழுசாக இதுவரை சொன்னதில்லை. பந்தியின் முதல் இலையில் பியூலா இருந்தாள். கண்ணை மூடாமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணாடிக்குப் பதிலாக அவளைப் பார்த்துக்கொண்டு வாயைத் திறந்தார்.

"அப்பா."

நிதானமாக உதட்டைச் சேர்த்தார், பிரித்தார்.

"சோறு... வந்துட்டு."

வியர்த்தது. நாக்கைத் தூக்கிப் பல்லுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

"தோ..."

அதற்கு மேல் நாக்கு நகரவில்லை. பின்னுக்கு இழுத்து மறுபடியும் ஆரம்பித்தார். "தோ... தோ..."

அண்டாவுக்குப் பின்னால் இஸ்ரவேலின் காலடியில் படுத்திருந்த சீசர் துள்ளி எழுந்தது. இரண்டு பந்திகளுக்கும் நடுவே பறந்து வந்தது. அதன் பின்னால் தெருவின் மொத்த சபையும் வந்தது. எங்கோ ஒரு குழந்தை கெக்கெக்கே என்றது. யாரோ இருமுவதுபோல் சிரித்தார்கள். ஞானப்பூ முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள்.

சீசர் உபதேசியாரின் காலடியில் உட்கார்ந்து நிமிர்ந்து பார்த்தது. அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பாதி வாய்தான் சிரித்தது. அந்தச் சிரிப்பில் நாக்கு எப்படியோ இளகிக்கொடுத்தது.

"...த்திரம்."

பந்தியின் கடைசியிலிருந்து பல் இல்லாத அன்னபாக்கியத்தின் குரல் துணிச்சலாக வந்தது. தோத்திரம். அடுத்தாற்போல் ஊர் முழுவதும் சொன்னது. ஒருவர் வாயிலும் ஸ் இல்லை. உபதேசியார் யாரையும் திருத்தவில்லை.

சோற்றில் கை வைத்தவர்கள் வெடுக்கென்று கையை எடுத்தார்கள். சுட்டது. விரலை ஊதிக்கொண்டே சிரித்தார்கள். இஸ்ரவேல் கரண்டியும் கையுமாகப் பந்திக்கு முன்னால் வந்து நின்று, தன் குழம்பிலிருந்து ஆவி பறப்பதைப் பார்த்துக்கொண்டேயிருந்தார்.

சாப்பாடு முடிந்ததும் உபதேசியார் பியூலாவின் இலைப் பக்கம் மெல்ல வந்தார். சிலேட்டை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தார்.

"ஜெபம்... எப்படி?" என்று கேட்டார். கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு, "ஸ் இல்ல. நீளம் இல்ல," என்றார்.

பியூலா இலையை மூடினாள். சீசருக்கென்று ஒதுக்கி வைத்திருந்த எலும்பைப் போட்டாள். அவர் பக்கம் திரும்பினாள்.

"பாவாடை கட்டுன நாள்லேருந்து முன்பெஞ்சுலதான் உட்கார்ந்திருக்கேன் உபதேசியாரே. உங்க வாயையேதான் பார்த்துக்கிட்டிருப்பேன். மைக்தான் தெரியும்."

அவர் ஸ்டாண்டில் தலை குனிந்து நின்ற மைக்கைத் திரும்பிப் பார்த்தார்.

"இன்னைக்குத்தான் உங்க ஜெபம் எனக்குக் கேட்டுது."