ரைவல்

மங்கையர்க்கரசி அம்மாவின் ஆசிரமத்தில் ஜபம் கிடையாது. அகராதி வேலைதான். ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழ் தேடுவதே அங்கே தியானம்.

முதல் சீடர் சிதம்பரநாதன், அம்மாவைவிட வயதில் மூத்தவர். பின்னால் வந்தவர் பழமலை. வந்த வேகத்தில் அம்மாவின் பக்கத்து மணையில் உட்கார்ந்துவிட்டார். அது சிதம்பரநாதன் உட்கார்ந்த மணை. அவருக்கு வயிறு எரிந்தது. நன்றாகவே எரிந்தது.

அன்று 'ரைவல்' என்ற சொல் வந்தது. போட்டியாளர் என்று எழுதியாகிவிட்டது.

"பேச்சு வழக்குல வேற என்ன சொல்லலாம்?" என்று அம்மா கேட்டார்.

"எதிரி" என்றார் சிதம்பரநாதன், கேட்டு முடிப்பதற்குள்.

பழமலை தயங்கினார். "பங்காளின்னு போடலாமா அம்மா? பங்காளிக் காய்ச்சல்னு சொல்றோமே."

அம்மா சிரித்தார். "அதையே எழுதுங்க."

சாயங்காலம் சிதம்பரநாதன் துணிப்பையோடு வந்து நின்றார்.

"ஊருக்குப் போறேன் அம்மா."

"ஏன் ஐயா?"

"பங்காளின்னா ரத்த சொந்தம். ரைவலுக்கு அது எப்படிப் பொருந்தும்? அந்த ஆள் எதைச் சொன்னாலும் உங்களுக்குச் சரி. இனிமே எனக்கு இங்க என்ன வேலை?"

அம்மா பையைப் பார்த்தார்.

"ரைவல் எங்கேருந்து வந்த சொல்?"

"லத்தீன்."

"அங்க என்ன அர்த்தம்?"

காலையில் லத்தீன் அகராதியைப் புரட்டிப் பார்க்கச் சிதம்பரநாதனுக்குத் தோன்றவில்லை.

"ஒரே வாய்க்கால்ல தண்ணி எடுக்கிறவன்" என்றார் அம்மா. "உங்க ஊர்ல உங்க வாய்க்கால்ல வேற யாரு தண்ணி பாய்ச்சினாங்க?"

"எங்க சித்தப்பா."

"வயல், தண்ணின்னு வந்தா அவர் உங்களுக்கு என்ன முறை?"

சிதம்பரநாதன் பையைக் கீழே வைத்தார்.

"பங்காளி."

உள்ளே பழமலை தாள்களை அடுக்கும் சத்தம் கேட்டது. அந்தச் சத்தம்கூடச் சிதம்பரநாதனுக்குப் பிடிக்கவில்லை.

"சரி அம்மா. கூடத் தண்ணி எடுத்தவன்தான். அவன் எப்போ எதிரி ஆனான்?"

"எனக்கு எப்படித் தெரியும் ஐயா?" என்றார் அம்மா. "காலையில யோசிக்காம எதிரின்னு சொன்னது நீங்கதானே."