இலுப்பையடிச் சண்டையும் எறும்புகளின் விசாரிப்பும்

எறும்புகள் வாய்விட்டுப் பேசிய அந்தக் காலத்தில், எதிரே வருகிற எறும்பை எந்த எறும்பும் ஏறெடுத்துப் பார்க்காது. அவ்வளவு அவசரம், அவ்வளவு திமிர்! வீட்டு வாசனை அடித்தால் நம் ஆள், அடிக்காவிட்டால் எதிரி. நின்று விசாரிக்க யாருக்கு நேரம் இருந்தது?

அப்போது ஒரு கறுப்பெறும்புக் கூட்டத்துக்கும் கறையான்களுக்கும் இலுப்பை மரத்தடியில் பெரிய சண்டை மூண்டது. கூட்டின் வாசலில் காவல் நின்றவள் பொடிச்சி. சண்டைக்குப் போயிருந்தவள் அவளுடைய அக்கா கருப்பாயி. பொடிச்சிக்கு இருப்புக்கொள்ளவில்லை. உள்ளே போவாள், வெளியே வருவாள், ஓர் இடத்தில் நிற்கமாட்டாள்.

சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. அந்த மழையில் ஒருத்தி நொண்டிக்கொண்டே வாசலுக்கு வந்தாள். வீட்டு வாசனையை மழை கழுவிவிட்டிருந்தது. மேலெல்லாம் ஒட்டியிருந்த கறையான் பிசின் மட்டும் போகவில்லை, குப்பென்று நாறியது. பொடிச்சி வழிமறித்தாள்.

“இலுப்பையடி... இலுப்பையடி...” என்றாள் வந்தவள். தொண்டை கட்டிப்போய், அதற்குமேல் பேச்சு எழவில்லை.

சண்டை நடந்த இடத்தின் பெயர் கறையானுக்கும் தெரியும்தானே என்று பொடிச்சி நினைத்தாள். உள்ளே முட்டைகள் கிடக்கின்றன. ஒரு கல்லைப் புரட்டி வாசலை அடைத்துவிட்டாள். வெளியே கொஞ்ச நேரம் பிறாண்டுகிற சத்தம் கேட்டது. பிறகு அதுவும் நின்றுபோயிற்று.

மறுநாள் வெயிலோடு மற்றவர்கள் திரும்பினார்கள். ஜெயித்துவிட்டோம் என்றார்கள். சேதி சொல்லக் கருப்பாயியை முன்னாலேயே அனுப்பினோமே, நொண்டிக் காலோடு வந்து சேர்ந்தாளா என்று கேட்டார்கள்.

பொடிச்சிக்கு உயிரே போய்விட்டது. பாவி, சொந்த அக்காளை மழையில் விரட்டிவிட்டோமே என்று கதறிக்கொண்டு வெளியே ஓடினாள். எதிரே வந்த ஒவ்வொருத்தியையும் நிறுத்தி, முகத்தோடு முகம் வைத்து, மீசையால் தடவிப் பார்த்து, “இலுப்பையடியா?” என்று கேட்டாள். இவளுக்குப் பித்துப் பிடித்துவிட்டது என்று சிலர் ஒதுங்கிப் போனார்கள். சண்டையில் ஆளைத் தொலைத்தவர்களோ தாங்களும் அப்படியே கேட்க ஆரம்பித்தார்கள்.

காலம் ஓடியது. இலுப்பை மரம் சாய்ந்தது. எதற்காகச் சண்டை போட்டோம் என்பதே யாருக்கும் நினைவில்லை. பொடிச்சி மட்டும் ஓயவில்லை.

ஒருநாள் வாய்க்காலுக்கு அப்பாலிருந்து அரிசிக் குருணை சுமந்து ஓர் அசலூர் எறும்பு வந்தது. பொடிச்சி வாயைத் திறக்குமுன் அதுவே நின்று, முகத்தைத் தொட்டு, “இலுப்பையடியா?” என்றது.

பொடிச்சி இன்னும் நெருங்கிப் போனாள். நீ அந்தச் சண்டையில் இருந்தாயா என்று கேட்டாள்.

எந்தச் சண்டை என்று அது விழித்தது. எங்கள் கூட்டில் யாரைப் பார்த்தாலும் இப்படித்தான் கேட்போம் என்றது. முன்னொரு மழையில் ஒரு நொண்டிக்காரி ஒதுங்க வந்தாளாம். கடைசிவரை அவள்தான் வாசல்காவலாம்.

“இந்தப் பேரைச் சொல்லி யார் வந்தாலும் உள்ளே விடுங்கள் என்பாள். ஒருத்தரையும் திருப்பி அனுப்பியதில்லை. போன கோடையில்தான் போய்ச் சேர்ந்தாள்.”

பொடிச்சி அந்த அசலூர்க்காரியின் முகத்தை விட்டு மீசையை எடுக்கவே இல்லை. “ஆமாம், இலுப்பையடிதான். உள்ளே வா” என்றாள்.

அன்று முதல்தான், எவ்வளவு அவசரமானாலும், எதிரே வருகிற எறும்பை நிறுத்தி முகம் தொட்டு ஒரு வார்த்தை கேட்காமல் எந்த எறும்பும் தாண்டிப் போவதில்லை.