நண்டு கப்பலுக்கு வழி காட்டிய கதை

அந்தக் காலத்தில் மீனும் பேசியது, மனிதனும் பேசினான், ஒருவர் பேச்சு மற்றவருக்குப் புரிந்தது. நண்டு நேராக நடந்தது. நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு.

கருங்கழி என்ற ஊரில் ஆறு கடலில் கலக்கும் முகத்துவாரம் இருந்தது. ஒவ்வொரு மழைக்கும் அங்கே மணல்திட்டுகள் இடம் மாறிவிடும். நேற்றுப் போன வழியில் இன்று போனால் படகு தரை தட்டும். ஆழம் எங்கே என்று தெரிந்தது செங்காலி என்ற நண்டுக்குத்தான். கடலிலிருந்து படகு திரும்பும்போதெல்லாம் அது வளையைவிட்டு எழுந்து போய், தெளிந்த தண்ணீருக்கடியில் முன்னால் நேராக நடக்கும். படகு அதன் பின்னால் வரும். பிறந்ததிலிருந்து இதே வேலைதான், ஓய்வு கிடையாது. "இந்த ஒரு படகோடு போதும்" என்று தினமும் சொல்லிக்கொள்ளும். அடுத்த படகு கூப்பிட்டால், வலிக்கிற கால்களை இழுத்துக்கொண்டு மறுபடி போகும்.

செங்காலியின் வளை கரையோர மணல்மேட்டில் இருந்தது. அதன் குஞ்சுகளும் சுற்றிலும் வளை தோண்டி இருந்தன. அதே மேட்டில்தான் ஊருக்கே ஒரேயொரு நல்ல தண்ணீர் ஊற்று. ஊற்றைக் காத்துவந்தவள் ஆண்டிச்சி. வாய்த்துடுக்குக்காரி, ஆனால் அவள் முகம் கோணி யாருக்கும் தண்ணீர் ஊற்றியதில்லை.

ஒருநாள் காலை, பாய் கிழிந்த பெரிய கப்பல் ஒன்று முகத்துவாரத்துக்கு வெளியே வந்து தள்ளாடியது. மேல்தட்டில் தொப்பி போட்ட மனிதர்கள் உதடு வெடித்து, ஈறு வீங்கி, "தண்ணீர், தண்ணீர்" என்று கை நீட்டினார்கள்.

"போய்க் கூட்டிட்டு வா செங்காலி," என்றாள் ஆண்டிச்சி.

"காலு விண்ணு விண்ணுன்னு வலிக்குதுக்கா. யாரு, என்ன, எதுக்கு வந்தாங்கன்னு கேட்டுட்டாவது போறேனே."

"நல்லாருக்கே நியாயம்! தாகத்துல வந்தவன்கிட்ட ஊரு பேரு கேப்பியா? குடிச்சு முடிக்கட்டும், அப்புறம் கேக்கலாம்."

கருங்கழியில் அதுதான் வழக்கம். வந்தவன் குடித்து முடிக்கும்வரை யாரும் எதுவும் கேட்கக்கூடாது. செங்காலி பெருமூச்சு விட்டுக்கொண்டு போய், கப்பலைப் பத்திரமாக உள்ளே கூட்டிவந்தது.

தொப்பிக்காரர்கள் குடித்தார்கள். மறுநாளும் தாகத்தோடு வந்தார்கள், அதற்கு மறுநாளும் வந்தார்கள். "இன்னும் குடிச்சு முடிக்கல, இப்ப போய்க் கேட்டா மரியாதையா இருக்காது" என்று ஆண்டிச்சி கேள்வியைத் தள்ளிப்போட்டாள். பாய் தைக்கும்வரை இருக்கிறோம் என்றார்கள், இருந்தார்கள். நோயாளிகள்மேல் காற்றுப் படக்கூடாது என்று பனந்தடியில் வேலி கட்டினார்கள். நோயாளிகள் எழுந்து நடமாடிய பிறகும் வேலி இருந்தது. பிறகு தடி கல்லாயிற்று, கல் சுவராயிற்று, சுவருக்கு மேலே பீரங்கி ஏறியது. மணல்மேட்டைக் கெட்டிப்படுத்த, வளைகளில் எல்லாம் கல்லைப் போட்டு இடித்தார்கள். உள்ளேயிருந்த செங்காலியின் குஞ்சுகள் பாதிக்குமேல் வெளியே வரவில்லை. அது பக்கத்துச் சேற்றில் குந்தி, எந்தப் படகு கூப்பிட்டாலும் கேட்காததுபோல் சில நாள் கிடந்தது.

ஆண்டிச்சி வழக்கம்போல் குடத்தோடு ஊற்றுக்குப் போனாள். சுவரில் ஒரு வாசல் இருந்தது, வாசலில் துப்பாக்கியோடு ஒருவன் நின்றான்.

"நீ யார்? எந்த ஊர்? எதற்கு வந்தாய்?" என்று கேட்டான்.

ஆண்டிச்சி வெறும் குடத்தோடு திரும்பி வந்து, செங்காலியின் பக்கத்தில் சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டாள். "நாந்தான்டி ஒன்ன அனுப்புனேன்," என்று அழுதாள். செங்காலிக்கு அவள்மேல் கோபம் இருந்தது. ஆனால் கோபப்படவும் தெம்பு வேண்டுமே.

கொஞ்ச காலத்தில் வெளியே இன்னும் பல கப்பல்கள் வந்து நின்றன. தொப்பிக்காரர்களின் தலைவன் செங்காலியைத் தேடி வந்தான்.

"எங்கள் ஆட்கள் பீரங்கிகளோடு வந்திருக்கிறார்கள். உள்ளே கூட்டி வா."

"இருக்குற தண்ணி ஒங்களுக்கே பத்தலியே ஐயா. இன்னும் ஆளா?"

"மேட்டுக்குப் பின்னால் உன் மிச்சக் குஞ்சுகள் இருப்பது எனக்குத் தெரியும்," என்றான் அவன். "முகத்தைக் கோட்டைப் பக்கமாக வைத்தே நடக்க வேண்டும். முகம் திரும்பினால் ஈட்டி உன் ஓட்டில் இறங்கும்."

செங்காலி இறங்கிப் போனது. பின்னால் முதல் கப்பல் மலைபோல வந்தது. கப்பலின் முன்முனையில் ஒருவன் ஈட்டியை ஓங்கி, அதன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். நேராகப் போனால் ஆழம். நேராகப் போனால் அந்த மேட்டில் இனி யாருக்கும் ஒரு வாய் தண்ணீர் இல்லை, குஞ்சுகளுக்கு ஒரு பிடி மணல் இல்லை. செங்காலி முகத்தைக் கோட்டையை விட்டுத் திருப்பவில்லை. கால்களை மட்டும் பக்கவாட்டில் வைத்தது. நேரே நடந்தே பழகிய மூட்டுகள் ஒவ்வொன்றும் நெரிந்தன. வலியில் கண் இரண்டும் வெளியே பிதுங்கின. ஒரு கால், இன்னொரு கால் என்று நகர்ந்துகொண்டே இருந்தது. ஈட்டிக்காரன் முகத்தைப் பார்த்தான், முகம் சரியாக இருந்தது. கப்பல் நகர்ந்து நகர்ந்து மணல்திட்டில் ஏறி, வயிறு கிழிந்து சாய்ந்தது. பின்னால் வந்தவை பயந்து திரும்பிப் போயின.

கருங்கழி தப்பித்தது என்று சொல்ல ஆசைதான். திரும்பிய கப்பல்கள் வடக்கே வேறொரு முகத்துவாரத்தைத் தேடிக்கொண்டன. கோட்டை அங்கேயே நின்றது. ஆண்டிச்சி தூரத்தில் வேறு ஊற்றுத் தோண்டினாள், தண்ணீர் கொஞ்சம் உப்புக் கரித்தது.

கரையேறிய செங்காலி, குஞ்சுகளிடம் நேராக ஓடப் பார்த்தது. கால்கள் கேட்கவில்லை. குஞ்சுகள் எதிரே நின்று கூப்பிட, முகம் அவற்றைப் பார்க்க, உடம்பு வேறெங்கோ போனது. அழுதுகொண்டே சுற்றிச் சுற்றித்தான் அவற்றிடம் போய்ச் சேர்ந்தது. அம்மா நடப்பதைப் பார்த்துக் குஞ்சுகளும் அப்படியே நடந்தன.

அன்று முதல்தான் நண்டு முகம் பார்க்கும் பக்கம் நடப்பதில்லை. பின்னால் யாராவது வந்தால், தன் வீட்டுக்குக்கூட அது நேர்வழி காட்டாது.