மணமில்லாத பூண்டு

மலையின் உச்சிக்காட்டில் முள்ளாயி என்றொரு முள்ளம்பன்றி இருந்தது. அதன் வளைக்கு முன்னால் ஒரு பூண்டுப் பாத்தி. மலைப்பாதையில் போன கழுதையின் மூட்டையிலிருந்து சிந்திய பூண்டுப் பற்களைப் பொறுக்கி வந்து, முள்ளாயி தன் நகத்தாலேயே மண்ணைக் கிளறி ஊன்றியது. மலைக்குளிரில் பாத்தி செழித்தது.

முள்ளாயி தினமும் பூண்டு தின்னும். அது வருவதற்கு முன்பே அதன் வாசனை வந்துவிடும்.

எதிரே ஒரு நாவல் மரம். அதில் ஒரு குரங்குக் கூட்டம். தலைவனின் பெயர் நெடுவாலன். தளிரும் பூவும் பழமும் தவிர வேறெதையும் தொடாத குலம் தன்னுடையது என்று அதற்கு ரொம்பப் பெருமை.

“ஐயே! முள்ளாயி வருகிறது! மூக்கைப் பிடியுங்கள்!” என்று நெடுவாலன் கிளையில் நின்று கத்தும். குரங்குகள் எல்லாம் மூக்கைப் பிடித்துக்கொண்டு குதிக்கும். அல்லி என்ற இளம் மந்திதான் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரிக்கும்.

முள்ளாயி தலை குனியாது. முட்களைச் சிலிர்த்துக்கொண்டு நடுப்பாதையிலேயே நடக்கும்.

“ராஜாவுக்கு முன்னால் கட்டியக்காரன் வருவான். எனக்கு முன்னால் என் வாசனை வருகிறது. வழிவிடுங்கள்!” என்று சொல்லிவிட்டுப் போகும்.

அந்த ஆண்டு மழை பிடித்துக்கொண்டது. வெயிலின் முகமே தெரியவில்லை. அந்த மழையில்தான் அல்லிக்குக் குட்டி பிறந்தது. ஆனால் பால் சுரக்கவில்லை. குட்டி சப்பிச் சப்பிப் பார்த்தது. பிறகு கீச்சு கீச்சென்று அழுதது.

வைத்தியர் என்று சொல்லிக்கொண்டு திரிந்த சிங்காரம் என்ற நரி காதில் செண்பகப் பூ செருகிக்கொண்டு மரத்தடிக்கு வந்தது.

“கவலையை விடுங்கள் தலைவரே! உங்கள் குலத்துக்கு ஏற்ற மருந்து நான் தருகிறேன், மணக்க மணக்க! உச்சிக் கிளைகளில் கூடுகள் இருக்குமே, அதில் நாலு முட்டை எடுத்து எனக்குக் கூலியாகப் போட்டால் போதும்!”

நரி பூவை அரைத்துக் கொடுத்தது. அல்லி குடித்தது. வாய் மணத்தது. பால் வரவில்லை.

“இன்னும் கொஞ்சம் பூ அரைக்க வேண்டும். இன்னும் கொஞ்சம் முட்டை வேண்டும்!” என்றது நரி.

குட்டியின் அழுகை வரவரச் சிறுத்தது. ஒரு காலையில் அது அழவே இல்லை. வாயை மட்டும் திறந்து திறந்து மூடியது.

“நான் முள்ளாயியிடம் போகிறேன்!” என்று அல்லி எழுந்தது.

“அந்த நாற்றத்திடமா? போனால் திரும்ப இந்த மரத்தில் ஏறாதே!” என்று நெடுவாலன் சீறியது.

“மரம் கிடக்கட்டும் தலைவரே! எனக்குப் பிள்ளை வேண்டும்!”

குட்டியை வயிற்றோடு அணைத்துக்கொண்டு, கொட்டும் மழையில் அல்லி இறங்கியது.

வளைவாசலில் போய் நின்று அல்லி தலை குனிந்தது. “அக்கா... உங்களைப் பார்த்துச் சிரித்தவள் நான்.”

“தெரியும். அந்த மரத்திலேயே பெரிய சிரிப்பு உன்னுடையதுதான்! அதைப் பேச இப்போது நேரமில்லை. குட்டி நனைகிறது, உள்ளே வா!” என்றது முள்ளாயி.

பக்கத்துப் பாறைக்குடைவில் உழவர்கள் குளிர்காய மூட்டிய தீ சாம்பலுக்குள் கனன்றுகொண்டிருந்தது. முள்ளாயி ஒரு முழுப் பூண்டை அதில் புதைத்தது. கொஞ்ச நேரத்தில் தோல் கருகி, உள்ளே பற்கள் வெண்ணெயாய்க் குழைந்தன.

“பச்சையாகத் தின்றால் வயிறு எரியும். சுட்டதைத் தின்னு, கொஞ்சம் கொஞ்சமாக. மனிதர்கள் பிள்ளை பெற்றவளுக்குப் பூண்டைப் பாலில் வேகவைத்துக் கொடுக்கிறார்கள், தெரியுமா? பால் ஊறுமாம். மலைச்சரிவுத் தோட்டத்துப் பெண்கள் பேசிக்கொள்வதை எத்தனை முறை கேட்டிருக்கிறேன்! வாயுவா? பூண்டு! நெஞ்சுச் சளியா? பூண்டு! நாலு பல் தட்டிப் போடாமல் அவர்கள் ரசத்தை இறக்குவதே இல்லை!”

பெற்ற பிள்ளையைப் பற்றிப் பேசுவதுபோல் முள்ளாயி பேசியது. உடனே குரலை மாற்றியது.

“ஆனால் பூண்டு மட்டும் போதாது. பூவைக் குடித்துக் குடித்துப் பட்டினி கிடந்திருக்கிறாய்! இந்தக் கிழங்கையும் தின்னு. நிறையத் தண்ணீர் குடி. குட்டியை மார்பிலிருந்து எடுக்காதே.”

அல்லி வளையிலேயே தங்கியது. சுட்ட பூண்டும் கிழங்கும் வயிறாரத் தின்றது. ஒரு பிற்பகல், குட்டியின் தொண்டையில் ‘மடக் மடக்’ என்று சத்தம் கேட்டது. அல்லி மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டது. மறுபடியும் ‘மடக்’!

“குடிக்கிறது அக்கா! குடிக்கிறது!”

முள்ளாயியின் முட்கள் எல்லாம் சாதுவாகப் படுத்துக்கொண்டன.

குட்டி தேறியதும் அல்லி நாவல் மரத்துக்குத் திரும்பியது. அங்கே கிளைக்குக் கிளை இருமல்! மழையும் குளிரும் ஒருவரையும் விட்டுவைக்கவில்லை. நெடுவாலன்கூட, அல்லியைத் தடுக்கவும் தெம்பில்லாமல், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருமியது. மரத்தடியில் நரி சிங்காரம் வெள்ளைக் கிழங்குகளைக் குவித்து வைத்திருந்தது.

“தலைவரே! அல்லியின் குட்டி பிழைத்தது பூண்டால்தான் என்று காடு முழுக்கப் பேச்சு. ஆனால் அந்த நாற்றம் உங்களுக்கு எதற்கு? இதோ, மணமில்லாத பூண்டு! குணம் அதேதான்!”

நெடுவாலனுக்கு வாயெல்லாம் பல். “அப்படிச் சொல்லு! இதுவல்லவா எங்கள் குலத்துக்கு ஏற்ற பூண்டு!” என்று ஒன்றை எடுத்து வாய்க்குக் கொண்டுபோனது.

அல்லி ஒரே பாய்ச்சலில் அதைப் பிடுங்கியது. நகத்தால் கீறிப் பார்த்தது. மோந்து பார்த்தது.

“இதில் பல் எங்கே? உரிக்க உரிக்க வெறும் ஏடாக வருகிறது! மணம் எங்கே? நான் தின்ற பூண்டு இன்னும் என் மூச்சில் இருக்கிறது தலைவரே! இது பூண்டே இல்லை! வைத்தியரே, முதலில் நீங்கள் ஒரு வாய் தின்னுங்கள்!”

“நானா? எனக்கு... எனக்கு இருமல் இல்லையே!”

“இருமல் வருவதற்கு முன்பே தின்னுங்கள்!”

நரி ஒரு அடி பின்னால் வைத்தது. காதிலிருந்த பூ உதிர்ந்தது. அடுத்த நொடி, புதருக்குள் பாய்ந்து ஓடியே போய்விட்டது. அது நச்சுக் கிழங்கு. தின்றவர்கள் மயங்கிக் கீழே விழுவார்கள், தனக்கு விருந்து என்று கணக்குப் போட்டிருந்தது நரி. அந்தக் காட்டில் அந்தக் கிழங்குக்கு நரிவெங்காயம் என்றே பெயர் நிலைத்துவிட்டது.

நெடுவாலன் இருமிக்கொண்டே முள்ளாயியின் வளைக்குப் போனது. பழக்கம் விடுமா? ஒரு கை மூக்கில் இருந்தது.

“மூக்கைப் பிடித்துக்கொண்டு வருகிறவருக்கு என் பாத்தியில் ஒரு பல்கூடக் கிடையாது! கையை எடுங்கள்!” என்றது முள்ளாயி.

நெடுவாலன் கையை எடுத்தது. “எங்களுக்குக் கொஞ்சம் பூண்டு வேண்டும்,” என்று முனகியது.

“காதில் விழவில்லை! மரத்திலிருந்து கத்துவீர்களே, அந்தக் குரலில் கேளுங்கள்!”

நெடுவாலன் அல்லியின் குட்டியைப் பார்த்தது. அது தாயின் முதுகில் உட்கார்ந்து வாலை ஆட்டிக்கொண்டிருந்தது.

“முள்ளாயி அம்மா! எங்களுக்குப் பூண்டு வேண்டும்!” நெடுவாலனின் குரல் காடு முழுக்கக் கேட்டது.

முள்ளாயி நிமிர்ந்து நின்றது. அது அன்று ஒரு சாண் உயர்ந்துவிட்டதுபோல் அல்லிக்குத் தோன்றியது. தலைவனின் இரு கைகளும் நிறையும்படி பூண்டை அள்ளிக் கொடுத்தது.

“பாதியைச் சுட்டுத் தின்னுங்கள். பாதியைப் பல் பல்லாகப் பிரித்து ஊன்றுங்கள், கூர்முனை மேலே பார்க்கட்டும்! அடுத்த மழைக்கு நீங்கள் யாரிடமும் கை நீட்டக் கூடாது!”

மணத்தைக் கண்டு முகம் சுளிப்பவர் குணத்தைக் கோட்டைவிடுவார். தன் குணம் அறிந்தவரோ எவர் சிரிப்புக்கும் தலை குனியார்.