வெறும் லேப்டாப்பின் மூச்சு

லேப்டாப் பழுது பார்க்கும் ஜெனிலாவிடம் தொழில் கற்க வந்தவள் இசக்கியம்மாள். குருவைவிட மூத்த சிஷ்யை. இவள் அவளை டீச்சர் என்பாள். அவள் இவளை அக்கா என்பாள்.

அன்று மத்தியானம் மழை. கரண்ட் இல்லை, ஃபேன் நின்றுவிட்டது. ஜெனிலா டீ வாங்கக் கீழே போயிருந்தாள். மாடியறையில் இசக்கியம்மாள் மட்டும், தவமணியம்மா பழுது பார்க்கக் கொடுத்திருந்த லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தாள்.

அது தவமணியம்மாவின் இறந்துபோன வீட்டுக்காரருடையது. பாஸ்வேர்டு யாருக்கும் தெரியவில்லை. வேறு வழியில்லாமல் எல்லாவற்றையும் வழித்துத் துடைத்துவிட்டுப் புது விண்டோஸ் ஏற்றினார்கள். அவர் போட்டோ, அவர் பேச்சு, ஒன்றும் மிச்சமில்லை.

அப்படி ஏற்றினால் லேப்டாப்புக்குத் தன் கைகால் எங்கே என்றே தெரியாது. வைஃபை செத்துக் கிடக்கும். சத்தம் வராது. ஒவ்வொரு பாகத்துக்கும் அதை இயக்குகிற டிரைவர் என்ற சிறு மென்பொருளைத் தேடிப் போடவேண்டும்.

சத்தத்துக்கான டிரைவரைக் கடைசியாகப் போட்டாள் இசக்கியம்மாள்.

உள்ளேயிருந்து யாரோ மூச்சு விட்டார்கள்.

எழுந்து சுவரோரமாகப் போய் நின்றாள். உள்ளே மூச்சு வேகமானது.

ஜெனிலா டீயோடு வந்தாள்.

"டீச்சர், எல்லாத்தையும் அழிச்சாச்சே. அப்புறம் உள்ள யாரு இருக்கா?"

ஜெனிலா கொஞ்ச நேரம் காது கொடுத்தாள்.

"மூச்சை அடக்குங்க அக்கா."

இருவரும் அடக்கினார்கள். சற்றுப் பிந்தி உள்ளேயும் நின்றது.

"விடுங்க."

விட்டாள். பின்னாலேயே, இன்னும் பெரிதாக, அதுவும் விட்டது.

"உங்க மூச்சுதான். மைக்ல போறது ஸ்பீக்கர்ல வருது, பேச்சை அமுக்கிட்டு மூச்சை மட்டும் பெருசாக்கி. எந்த டிரைவரைப் போட்டீங்க?"

"போன வாரம் ஒரு லேப்டாப் வந்துச்சுல்ல, அச்சு அசல் இதே மாதிரி. அதுக்குப் போட்டது பென்டிரைவ்ல கிடந்துச்சு."

"சாயல் ஒண்ணா இருக்குன்னு பக்கத்து வீட்டுப் பிள்ளைய ஸ்கூல்லருந்து கூட்டிட்டு வந்துருவீங்களா?"

இசக்கியம்மாள் பென்டிரைவைப் பிடுங்கி எடுத்தாள்.

"பாகத்துக்கு நாம பேரு வைக்கக் கூடாதுக்கா. நீ யாருன்னு அதுகிட்டயே கேக்கணும்." திரையில் ஓரிடத்தைத் திறந்து காட்டினாள். அந்தப் பாகம் தன் அடையாள எண்ணைத் தானே சொல்லிக்கொண்டிருந்தது.

கதவருகே குடை மடங்கும் சத்தம். தவமணியம்மா நின்றிருந்தார். மூன்று பேரின் மூச்சும் இப்போது ஒன்றாகச் சேர்ந்து உள்ளேயிருந்து வந்தது.

"இளைப்பு," என்றார் மெதுவாக. "அவருக்கு இப்படித்தான் இளைக்கும்."

வந்து அதன்முன் உட்கார்ந்தார்.

"இனி இதைத் தொடாதீங்கம்மா. இப்படியே வீட்டுக்குக் கொண்டுபோறேன். அவரு இருக்காரு."

இசக்கியம்மாள் உண்மையைச் சொல்ல வாயெடுத்தாள். ஜெனிலா அவள் கையைப் பிடித்து வெளியே கூட்டி வந்து கதவைச் சாத்தினாள்.

"பாவம் டீச்சர். சொல்லிருவோம்."

"சொன்னா நம்புவாங்களா?"

"அப்ப காலம் பூரா இதைக் கட்டிக்கிட்டு அழுவாங்களே."

"உத்துக் கேக்குறவங்க மூச்சை அடக்காம இருக்கமாட்டாங்கக்கா. பொறுங்க."

கதவுக்குப் பின்னால் மூச்சு வந்துகொண்டிருந்தது. திடீரென்று நின்றது.

மழை மட்டும் கேட்டது. வெகுநேரம் ஆனதுபோல் இருந்தது. இசக்கியம்மாள் கதவுக்குப் பாய்ந்தாள். ஜெனிலா கையை விடவில்லை.

உள்ளே ஒரு மூச்சு. அதன் பின்னால் இன்னொன்று.

மறுபடி நின்றது. மறுபடி வந்தது, இரண்டாக.

பிறகு ஒரு விசும்பல். பின்னாலேயே அதே விசும்பல், கொஞ்சம் கனத்த குரலில்.

கதவு திறந்தது. தவமணியம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"நான்தானா?"

ஜெனிலா ஆமென்று தலையசைத்தாள்.

"சரியானதைப் போட்டா இது நின்னுருமா?"

"இந்த லேப்டாப்புக்குள்ள மட்டும் நின்னுரும்மா, உங்களுக்குள்ள இல்ல."