காலரில் வைத்த மஞ்சள்

மலையடிவாரத்து ஓடைக்கரையில் இருந்த ஓடைச்சாமிக்குச் சீடர் என்று சொல்லிக்கொள்ள ஒரே ஒருவர்தான் இருந்தார். அவரும் சாமியைவிட வயதில் மூத்தவர். பெயர் ஆவுடைநாயகம். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். சாமி அவரை அண்ணாச்சி என்று கூப்பிடுவார்.

ஆவுடைநாயகம் ஞானம் தேடி வந்தவர் என்று சொல்ல முடியாது. ஓடையில் சாமி தன் வேட்டியைக் கல்லில் அடித்துத் துவைப்பதைப் பார்த்துப் பொறுக்கமாட்டாமல் வந்தவர்.

"துணி என்ன பாவம் செஞ்சுது சாமி, இந்த அடி அடிக்கீங்க?" என்று கேட்டுக் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டார். அன்றிலிருந்து அவர்தான் துவைத்தார்.

துணி விஷயத்தில் அவர் ஒரு மாதிரி. சட்டையை உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பித்தான் அலசுவார். காலரில் பிரஷ் படக்கூடாது. பூந்திக்கொட்டை நுரையைத் தடவி விரலால் நீவுவார். நிழலில்தான் காயப்போடுவார். காலர் நைந்தால் தையல்காரரிடம் கொடுத்துத் திருப்பித் தைத்துப் போட்டுக்கொள்வார். அவருடைய காக்கிச் சட்டைகளுக்கு வயதாகிப் பார்த்தவர்கள் யாரும் இல்லை.

"அப்பா சட்டையெல்லாம் நம்ம எல்லாரையும் அனுப்பிவச்சிட்டுத்தான் போகும்" என்று மகன் சைலப்பன் கேலி செய்வான்.

சைலப்பன் போய்விட்டான். கோயம்புத்தூரில் வேலை பார்த்த இடத்தில் காய்ச்சல் கண்டது. அப்பா போய்ச் சேருமுன் எல்லாம் முடிந்துவிட்டது. சாமி துக்கத்துக்குப் போய், கூடவே உட்கார்ந்திருந்துவிட்டு வந்தார். அதன் பிறகு ஆவுடைநாயகம் மலையடிவாரத்துக்கு வரவில்லை. சாமி தன் வேட்டியைத் தானே துவைத்துக்கொண்டார். அடிக்காமல்தான்.

ஐப்பசி மழை விட்டிருந்த ஒரு காலையில் ஆவுடைநாயகம் வந்தார். கையில் ஒரு துணிப்பை.

"ஒரு கறை போகாம இருக்கணும் சாமி. வழி சொல்லுங்க."

"போறதுக்குத்தானே எல்லாரும் வழி கேப்பாங்க?"

ஆவுடைநாயகம் பையிலிருந்து ஒரு சட்டையை எடுத்து விரித்தார். இளநீலம். கடையில் மடித்த மடிப்பு இன்னும் கலையவில்லை. காலரின் உள்பக்கம், பிடரி படுகிற இடத்தில், விரலால் தொட்டு வைத்த மஞ்சள் காய்ந்து பொருக்குத் தட்டியிருந்தது.

"முதல் சம்பளத்துல எனக்கு எடுத்தான். புதுத்துணிக்கு அவன் அம்மாதான் மஞ்சள் வைப்பா. அவதான் இல்லையே. அந்தத் தீபாவளிக்கு அவனே குழைச்சு வச்சான். எப்படி அப்பி வச்சிருக்கான் பாருங்க, சின்னப் பிள்ளை மாதிரி."

"போட்டீங்களா?"

ஆவுடைநாயகம் காலரின் ஓரத்தை விரலால் நீவிக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி?"

"நல்ல நாளைக்குப் போடலாம்னு பீரோவுல வச்சேன். போன் பண்ணும்போதெல்லாம் கேப்பான், சட்டையைப் போட்டீங்களாப்பான்னு. சும்மா போட்டா துணி போயிரும்லே, உன் கல்யாணத்துக்குப் போடுதேன்னு சொல்லிக்கிட்டே இருந்தேன்."

மடிப்போரத்தில் கறுத்திருந்த புள்ளிகளைத் தொட்டுக் காட்டினார்.

"இப்ப மழைக்குப் பூஞ்சை பிடிச்சிட்டு சாமி. துவைக்கலைன்னா துணி இத்துப்போகும். துவைச்சா மஞ்சள் போயிரும். சோப்புப் பட்டா சிவந்துரும், வெயில் பட்டா வெளுத்துரும். எனக்குத் தெரியாத துவைப்பா? இதுக்குத்தான் வழி தெரியலை."

சாமி சட்டையை வாங்கவில்லை.

"துவைக்கிறது அழுக்குத் துணியைல்லா?"

"பூஞ்சை பிடிச்சிருக்குன்னு சொல்லுதேனே."

"அது பீரோ அழுக்கு. உங்க அழுக்கு எங்க? போட்டு அழுக்காக்கிக் கொண்டாங்க. வழி அப்புறம் சொல்லுதேன்."

ஆவுடைநாயகத்தின் முகம் கறுத்தது. "புள்ளையைப் பறிகொடுத்தவன்கிட்ட பேசுத பேச்சா இது?" என்றார். சட்டையை மடித்தார். அந்தக் கோபத்திலும் மடிப்பு மேல் மடிப்பு சரியாக விழும்படிதான் மடித்தார். திரும்பிப் பார்க்காமல் இறங்கிப் போனார்.

அவர் கோபித்ததில் தப்பே இல்லை. சாமியும் அவரைக் கூப்பிடவில்லை.

மார்கழி போயிற்று, தை போயிற்று. பங்குனி வெயில் மண்டையைப் பிளந்த ஒரு மத்தியானத்தில் அவர் மறுபடியும் ஏறி வந்தார். இளநீலச் சட்டையைப் போட்டிருந்தார். முதுகு முழுக்க வேர்வை. சட்டையின் தோள்பட்டை அவர் தோளைவிட்டு இறங்கிக் கிடந்தது. சட்டைக் கை விரல்நுனி வரைக்கும் தொங்கியது.

"பெருசா இருக்கே அண்ணாச்சி."

"எனக்கே இன்னைக்குத்தான் தெரியும் சாமி. அவன் பிறந்தநாள், போட்டேன்." தொங்கும் கையைத் தூக்கிப் பார்த்தார். "கடையில அளவு கேட்டிருப்பாங்க. எங்கப்பா பெரிய ஆளுன்னு சொல்லியிருப்பான்."

தூக்கிய கையைக் கீழே விட்டார்.

"அன்னைக்கே போட்டுப் பார்த்திருந்தா மாத்தியாவது வாங்கியிருப்பான்."

பட்டன்களைக் கழற்றினார். சட்டையை உருவி, காலரைத் திருப்பிப் பார்த்தார். பொருக்கு இல்லை. வேர்வையில் நனைந்த துணியில் லேசாக ஒரு சாயல் மட்டும் இருந்தது.

"போச்சே சாமி! அவன் கையால வச்சது. உங்க பேச்சைக் கேட்டுப் போட்டேனே. போச்சே!"

அப்படியே தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். மகன் இறந்த அன்றுகூட அவர் இப்படி அழவில்லை.

சாமி எழுந்து அவர் பின்னால் போனார். பிடரியில் ஒரு விரலை ஒற்றி எடுத்து, அவர் கண்ணுக்கு முன்னால் நீட்டினார். விரல்நுனி மஞ்சளாக இருந்தது.

"உங்ககிட்டதான் இருக்கு" என்றார்.

பிறகு சட்டையை எடுத்துக்கொண்டு ஓடையில் இறங்கினார். தண்ணீரில் முக்கித் தூக்கினார்.

"கல்லுல அடிச்சிராதீங்க சாமி!" அழுகைக்கு நடுவில் கரையிலிருந்து குரல் வந்தது.

சாமி அடிக்கவில்லை.

"உள்பக்கத்தைத் திருப்புங்க."

திருப்பினார்.

"காலரைத் தேய்க்காதீங்க. நீவுங்க. விரலால."

சாமி நீவினார். கொஞ்சம் மஞ்சள் தண்ணீரில் கலந்து, உடனே காணாமல் போயிற்று. இரண்டு பேரும் அதைப் பார்த்தார்கள். நாவல் மரத்து நிழலில் சட்டையை விரித்துப் போட்டுவிட்டு, சாமி வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

ஆவுடைநாயகம் இடது கையால் பிடரியைப் பொத்திக்கொண்டிருந்தார். வெகுநேரம் கையை எடுக்கவில்லை.

"குளிச்சா இதுவும் போயிருமே சாமி?"

"போகும்."

சட்டையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"இன்னைக்குக் குளிக்க வேண்டாம் அண்ணாச்சி" என்றார் சாமி.