பள்ளம் காட்டியவரின் முகவரி

மன்னர் காலத்தில் ஏது இணையம் என்று கேட்பவர்கள் கொஞ்சம் சும்மா இருங்கள். செம்பாலை நாட்டில் இருந்தது, அவ்வளவுதான். மன்னர் அதிவல்லபர் காலையில் பல் விளக்குவதற்கு முன்பே கைப்பேசியைத்தான் தேடுவார்.

அந்த நாட்டில் யார் இணையப் பக்கம் தொடங்கினாலும் அதற்கு ஒரு பெயரை அரண்மனைப் பதிவு மண்டபத்தில் வாங்க வேண்டும். வாங்குகிறவர் சொந்தப் பெயர், வீட்டு முகவரி, தொலைபேசி எண் எல்லாம் எழுதிக் கொடுக்க வேண்டும். மண்டபத் திறப்பு விழாவுக்கு வாழைமரம் கட்டினார்கள், நாதசுரம் வைத்தார்கள், வடை பாயசத்தோடு சாப்பாடு போட்டார்கள். அந்த விவரங்களை யார் பார்க்கலாம் என்று விதி எழுத மட்டும் மறந்துவிட்டார்கள். நம்ம ஆட்கள் வேறு எப்படி இருப்பார்கள்?

யாரோ ஒருவர் 'பள்ளம்' என்று ஒரு பக்கம் தொடங்கி, தலைநகரத்துச் சாலைக் குழிகளை ஒவ்வொன்றாகப் படம் எடுத்துப் போட்டார். மொத்தம் நாற்பத்தொன்று. அத்தனையும் ஒப்பந்தக்காரர் மாசிலாமணி போட்ட சாலை. மனிதர் கொதித்துப் போய்ச் சபைக்கே வந்துவிட்டார்.

"மன்னா, அந்தப் பக்கம் யாருடையது? முகவரி எனக்கு வேண்டும்."

"முகவரி எதற்கு?"

"சும்மா, நாலு ஆளை அனுப்பிப் பேசத்தான்."

அன்று காலை சபை வாசலில் யாரோ ஒரு சீட்டைப் போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். அரசவை விகடர் விருத்தகிரி அதை எடுத்துப் படித்தார். "பள்ளம் பக்கம் என்னுடையது. வீட்டில் நானும் இரண்டு பிள்ளைகளும்தான். முகவரி வெளியே போனால் நாங்கள் ஊரைவிட்டுப் போக வேண்டியதுதான்." கையெழுத்து இல்லை. ஊரையே சிரிக்க வைக்கிற விருத்தகிரி சீட்டை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். அவரும் பிள்ளைகுட்டிக்காரர்.

"சரி, விதி வேண்டும். யார் எழுதுவது?" என்றார் மன்னர்.

"நான்தான்" என்று மூன்று குரல் ஒன்றாக வந்தது. ஒன்று மாசிலாமணி. இன்னொன்று நகரக் காவல் தலைவர் ரணசூரர். மூன்றாவது பதிவு மண்டபத்துப் பதிவாளர் தில்லைநாயகம்.

"விருத்தகிரி, இவர்களில் ஒருவரை நீர் சொல்லும். மற்ற இருவரும் முணுமுணுக்காமல் சம்மதிக்க வேண்டும். சாப்பாட்டு வேளைக்குள் முடியவில்லையென்றால் மாசிலாமணி கேட்டதைக் கொடுத்துவிடுவேன். எனக்குப் பசிக்கிறது."

விருத்தகிரி யோசித்தார். "மன்னா, எங்கள் தெருவில் தீபாவளிக்குப் பத்து வீடு சேர்ந்து ஓர் ஆடு வாங்குவோம். கறியைக் கூறு போடுகிறவர், எல்லோரும் எடுத்தது போக மிஞ்சின கூறைத்தான் எடுக்க வேண்டும். அதனால் ஈரல்கூடச் சமமாக விழும். இங்கேயும் அப்படியே வைப்போம். விதியை யார் எழுதினாலும் சரி, அது முதலில் அவர் மேலேயே பாயட்டும்."

கறி என்றதும் மன்னர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "நியாயம்தான்."

"என் விதி சுலபம்" என்றார் மாசிலாமணி. "கேட்டவருக்கெல்லாம் காட்டு."

"ஆகட்டும். பதிவாளரே, இவர் வாங்கிய பெயர்களை வாசியும்."

தில்லைநாயகம் ஏட்டைப் புரட்டினார். "'சாலையென்றால் மாசிலாமணி சாலை'. பொதுமக்கள் தாமாக முன்வந்து பாராட்டும் பக்கம். பெயர் வாங்கியவர்..."

"போதும், போதும். நான் எழுதவில்லை" என்று மாசிலாமணி உட்கார்ந்துவிட்டார்.

ரணசூரர் மீசையைத் தடவினார். "காவலர்கள் மட்டும் பார்க்கலாம். காரணம் சொல்லத் தேவையில்லை."

"அருமை. நீங்களும் ஒரு பக்கத்துக்குப் பெயர் வாங்கியவர்தானே, உங்கள் வீட்டு முகவரியும் சொந்த எண்ணும் இந்த ஏட்டில் இருக்கின்றன. உங்கள் முந்நூறு காவலர்களும் காரணம் சொல்லாமல் இப்போதே பார்க்கலாம். பொங்கலிலிருந்து விடுப்பு கேட்டுக்கொண்டிருக்கிறார்களே, அவர்கள்தான்."

ரணசூரர் மீசையிலிருந்து கையை எடுத்தார். அவரும் உட்கார்ந்தார்.

"அதனால்தான் சொல்கிறேன்" என்றார் தில்லைநாயகம். "யாருக்குமே காட்டக் கூடாது. சாவி என்னிடம்."

"போன வாரம் உங்கள் மாமியார் இணையத்தில் பட்டுப்புடவை வாங்கினாராமே? வந்தது கோணிச் சாக்காமே?"

"ஆமாம்."

"விற்றவன் யார் என்று உங்கள் ஏட்டில் இருக்கிறது. ஆனால் சொல்ல மாட்டேன் என்று வீட்டுக்குப் போய் நீங்களே அவரிடம் சொல்லிவிடுங்கள்."

தில்லைநாயகம் சாவியை மேசைமேல் வைத்துவிட்டார்.

மன்னருக்குக் கோபம் வந்தது. "ஒருவரும் வேண்டாம் என்றால் யார்தான் எழுதுவது?"

"மூவரும் சேர்ந்துதான், மன்னா. கூடவே பெயர் வாங்கிய சாதாரண ஆட்கள் நாலு பேரையும் உட்கார வையுங்கள். தேடுகிறவனும் தேடப்படுகிறவனும் ஒரே பாயில் உட்கார்ந்தால் யார் தலையிலும் கல் விழாது."

அப்படியே உட்கார வைத்தார்கள். சத்தமோ சத்தம். ஆனால் சோறு வேகும் முன் விதி வந்துவிட்டது. விவரம் கேட்பவர் தன் பெயரையும் காரணத்தையும் எழுதித் தர வேண்டும். அந்தக் காரணம் நியாயமா என்று நீதிபதி பார்ப்பார். யார், எதற்குக் கேட்டார் என்பது சபையில் எல்லோருக்கும் வாசிக்கப்படும்.

மாசிலாமணி விடவில்லை. முதல் மனுவை அவரே எழுதினார். காரணம் என்ற இடத்தில் 'என் சாலையின் நாற்பத்தொரு பள்ளங்களை ஊருக்குக் காட்டிவிட்டார்' என்று எழுதினார். அது சபையில் உரக்க வாசிக்கப்பட்டது.

"அப்படியானால் பள்ளம் இருப்பது உண்மையா?" என்றார் மன்னர்.

மனுவை நீதிபதி தள்ளிவிட்டார். மன்னர் விருத்தகிரிக்குத் தன் சாப்பாட்டுப் பந்தியில் பக்கத்து இலையைக் கொடுத்தார்.

வெளியே போகும்போது மாசிலாமணி விருத்தகிரியின் காதைக் கடித்தார். "ஐயா, அந்த ஆளை நான் ஒரு தடவையாவது பார்க்க வேண்டும். வழியே இல்லையா?"

"இருக்கிறதே. பள்ளங்களை மூடுங்கள். மூடினதையும் படம் எடுக்க அவரே வருவார்."

மாசிலாமணி ஒரே வாரத்தில் நாற்பத்தொன்றையும் மூடிவிட்டு, சாலை ஓரத்தில் நாற்காலி போட்டுக் காத்திருந்தார். சாலை நிஜமாகவே சரியாகிவிட்டது என்ற அதிசயத்தைப் படம் எடுக்க ஊரே கைப்பேசியோடு வந்துவிட்டது.